தாமதத்துக்கான காரணம்

ஜூன் 9, திங்கள்

150/96.

இந்த டைரி தொடங்குவதற்குக் காரணம் மேலே இருக்கும் எண்தான். தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மகள் ஓவியாவிடம் ஒரு நோட்டு கேட்டேன். யாரோ கொடுத்த போன வருஷத்து டைரியை எடுத்து நீட்டினாள். கிழமைகள் பொருந்தவில்லை. அடித்து எழுதிக்கொள்கிறேன்.

ஒரு பக்கம் முழுக்க ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மூட மனம் வரவில்லை. எழுதியே பிழைக்கிறவள் நான். தலைமைக் காவலர் என்று பெயர், லத்தியைத் தொட்டு ஏழு வருஷம் ஆகிறது. ஸ்டேஷன் ரைட்டர் என்றால் எல்லாம் எழுத வேண்டும். புகார், ரசீது, டூட்டி பட்டியல், மேலே அனுப்பும் பதில், இன்ஸ்பெக்டர் விடுப்புக் கடிதம். போன மாதம் யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம்கூட எழுதிக் கொடுத்தேன்.

இன்று புது இன்ஸ்பெக்டர் குலசேகரன் பொறுப்பேற்றார். மெலிந்த ஆள், வயிற்றுப்புண் இருக்கிறது போலிருக்கிறது, மோர்தான் குடிக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஏட்டம்மா, போன ஆறு மாசத்துல நம்ம லிமிட்ல வழிப்பறி மட்டும் பதினொண்ணு. இந்த அல்லிக்குளம் காலனி பேரைச் சொன்னாலே மீட்டிங்ல சிரிக்கிறாங்களாம். எனக்கு முன்னாடி இருந்தவரை எங்க தூக்கிப் போட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இனிமே எஃப்.ஐ.ஆர். போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

போடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததையும் சேர்த்துக் கேட்டுக்கொள்வதுதான் ரைட்டர் வேலை.

ஜூன் 12, வியாழன்

146/94. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. காலையில் இட்லிப் பானையை அடுப்பில் வைத்த பிறகுதான் தெரிந்தது. ஓவியா வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் காலேஜ் போனாள்.

மாலை ஆறு மணிக்குச் செங்கமலம் என்று ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. டூட்டிக்குப் போகும் வழியில், கால்வாய்க்கரை சாலையில், திருப்பூரில் இருக்கும் மகனோடு போனில் பேசிக்கொண்டே நடந்திருக்கிறாள்.

“பைக்குல ரெண்டு பேரும்மா. பின்னாடி குந்தினு இருந்தவன் அப்படியே புடுங்கினான். காதுலயே அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. புள்ள ‘அம்மா, அம்மா’ன்னு கத்துறது அந்தப் போன்லயே கேக்குது, வண்டி போய்க்கினே இருக்குது.”

அவள் காது சிவந்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

என் வழி அதுதான். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். அழுதுகொண்டே தண்ணீர் குடிக்க யாராலும் முடியாது. குடித்து முடிக்கும்போது அழுகை அடங்கியிருக்கும். அப்புறம், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும். மனசாரக் கேட்க வேண்டும், சும்மா கேட்டால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் விஷயம்.

“வண்டி நம்பர் பாத்தியாம்மா?”

“இல்லீங்க.”

“ஆள் மூஞ்சி?”

“ஹெல்மெட்டு போட்டிருந்தானுங்க.”

“அப்போ கோர்ட்டுல கூப்பிட்டு நிறுத்தினா என்ன சொல்லுவ? ரெண்டு வருஷம், மூணு வருஷம் வாய்தாவுக்கு அலையணும். ஆஸ்பத்திரில லீவு தருவாங்களா? தவறவிட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா இப்பவே ரசீது தரேன். காலைல அதே நம்பர்ல சிம் வாங்கிக்கலாம். பையன் பாவம், பதறிப்போயிருப்பான்ல?”

பையன் என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டாள். “நான் தொலைக்கலீங்களே” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

எஃப்.ஐ.ஆர். போட்டால் அது குற்றக் கணக்கில் ஏறும். தொலைந்தது என்று ரசீது கொடுத்தால் எதிலும் ஏறாது. அவளுக்குச் சிம் கிடைக்கும், இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கிடைக்கும். யாருக்கு நஷ்டம்? நான் அவளுக்கு நல்லதைத்தான் செய்தேன்.

ஜூன் 13, வெள்ளி

152/98. காரணம் தெரியவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

144/92.

ஜெசிந்தாவை எனக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷ சர்வீஸ், வேகமாக டைப் அடிக்கிறாள். இன்று என் பல்வலிக்காகக் கொஞ்ச நேரம் வெளியே போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தால், பர்ஸைப் பறிகொடுத்த ஒரு கொரியர்காரர் கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். ஜெசிந்தா “அண்ணே, சாப்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் அவளுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன். பல்வலி இன்னும் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

148/94. ஜூன் மாதத்தில் எங்கள் ஸ்டேஷனில் வழிப்பறி பூஜ்யம். இன்ஸ்பெக்டர் மீட்டிங் முடிந்து வந்து எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஏழு வருஷத்தில் மீட்டிங்கிலிருந்து சிரித்துக்கொண்டு திரும்பிய முதல் இன்ஸ்பெக்டர் இவர்தான்.

காலனி நலச்சங்கம் மேலே கொடுத்திருந்த ஒரு மனு எங்களிடம் வந்தது. கால்வாய்க்கரை சாலையில் நான்கு கம்பங்களில் விளக்கு எரியவில்லை, விளக்குப் போட்டு கேமராவும் வைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் குற்றச் சம்பவங்கள் உண்டா என்று நிலைய அறிக்கை கேட்டு அனுப்பியிருந்தார்கள். “மேற்படி சாலையில் கடந்த மாதத்தில் குற்றச் சம்பவம் ஏதும் பதிவாகவில்லை” என்று எழுதி வைத்தேன். பதிவாகவில்லை என்பது முழு உண்மை. இன்ஸ்பெக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் வைக்கும் தாளை யாரும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

நாங்களும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிஷ நடை.

ஜூலை 4, வெள்ளி

142/90. மாத்திரை வேலை செய்கிறது.

ஓசூரிலிருந்து இவர், ஓவியாவின் அப்பா, வந்திருக்கிறார், இரண்டு நாள் லீவு. கம்பெனியில் ஓவர்டைமாம். வந்ததும் தூங்கிவிட்டார். ஓவியா போனுக்கு மஞ்சள் கவர் வாங்கி, அதன் மேல் மார்க்கரால் ஒரு ஆந்தை வரைந்திருக்கிறாள். ஆந்தைக்கு மூக்குக்கண்ணாடி. யாரடி இது என்றேன். “எப்பப் பார்த்தாலும் எழுதிக்கிட்டே இருக்குமே, அந்த ஆந்தைதான்” என்கிறாள். இவர் தூக்கத்திலிருந்தே சிரித்தார்.

ஜூலை 10, வியாழன்

காலையில் பிரஷர் பார்க்கவில்லை. நீளமான நாள்.

ஐந்து மணிக்கு விசாலாட்சி டீச்சர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், காலனிக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறார். கால்வாய்க்கரையில் சங்கிலியை அறுத்திருக்கிறார்கள். கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. படித்தவர்களிடம் நேரம் ஆகும்.

“பறிச்சதை எப்படி மேடம் விழுந்ததுன்னு எழுதறது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“டீச்சர், சங்கிலிக்குப் பில் இருக்கா? அம்மா வீட்டுல போட்டதுங்கறீங்க. அது உங்களோடதுதான்னு நிரூபிக்கச் சொல்வாங்க. பள்ளிக்கூடத்துக்கு சம்மன் வரும். பிள்ளைங்க முன்னாடி போலீஸ் வந்து நின்னா நல்லாவா இருக்கும்? கிடைச்சா நானே கூப்பிட்டுச் சொல்றேன், சத்தியமா.”

கடைசியில் இறங்கி வந்தார். கொக்கி கழண்டு சங்கிலி விழுந்துவிட்டதாக நான் எழுதினேன். அவர் பேனாவை வாங்கி, ‘கழண்டு’ என்பதைக் ‘கழன்று’ என்று திருத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எதற்கு எரிச்சல் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு பஞ்சாயத்து. ஓவியா போனைத் தொலைத்துவிட்டாள். பஸ்ஸில் விட்டுவிட்டாளாம். வாங்கி எட்டு மாதம் ஆகவில்லை. நன்றாகத் திட்டினேன். “காலேஜ் படிக்கிற பொண்ணுக்குக் கைல இருக்கிற பொருளைப் பாத்துக்கத் தெரியாதா?” என்றேன். அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை தோல் உரிந்திருந்தது. பஸ் படியில் வழுக்கியதாம். செருப்பு வார் வேறு அறுந்திருக்கிறது. கவனம் எங்கே இருக்கிறதோ.

மஞ்சள் எண்ணெய் வைத்துவிட்டேன். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி

154/98. சிம் வாங்க ஓவியாவுக்கு நானே ரசீது எழுதினேன். தொலைந்த இடம்: பேருந்து. கையெழுத்துப் போடச் சொன்னேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உன் கையெழுத்து ரொம்ப அழகும்மா” என்று சொல்லிவிட்டுப் போட்டாள். நேற்றுத் திட்டியதற்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 16, புதன்

150/94. ஓவியா இப்போதெல்லாம் கால்வாய்க்கரை வழியாக வருவதில்லை. பெரிய சாலையைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து வருகிறாள். கேட்டால் உடம்புக்கு நல்லதாம். நடை நல்லதுதான். செவ்வாய், வியாழன் மாலை பேட்மிண்டன் போய்க்கொண்டிருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாள். பரீட்சையாம். இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் நிலையாக ஒரு ஆர்வம் கிடையாது.

ஜூலை 21, திங்கள்

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்ல வேண்டும். 152/96.

பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்ததற்கு ஓவியா துள்ளிக் குதித்துக் கடைக்குள் ஏறிவிட்டாள். காய் வாங்கிக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

148/94. இரண்டு செய்திகள்.

ஒன்று, கால்வாய்க்கரையில் இருட்டியதும் வந்து நிற்கும் ரோந்து பைக்கைக் கடைவீதிக்கு மாற்றிவிட்டார்கள். சம்பவம் இல்லாத இடத்தில் வண்டி எதற்கு என்று மேலிருந்து கேட்டிருக்கிறார்கள். சங்கம் கேட்ட கேமராவும் விளக்கும் வேறு பகுதிக்குப் போய்விட்டன.

இரண்டு, அல்லிக்குளம் காலனி இரண்டு மாதமாக வழிப்பறி இல்லாத பகுதி ஆகிவிட்டதால் நலச்சங்கம் பாராட்டு விழா எடுக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். எனக்கும் ஒரு நற்சான்றிதழ் உண்டாம். சங்கச் செயலாளர் சால்வைக்கு நிறம் கேட்டு போன் செய்தார். எந்த நிறம் என்றாலும் பீரோவில்தான் கிடக்கப்போகிறது என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

களைப்பாக இருக்கிறது. விழா என்று நினைத்தாலே கால் வலிக்கிறது.

ஜூலை 28, திங்கள்

158/100.

பக்கத்து ஸ்டேஷனில் நேற்று இரண்டு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். பைக்கில் வந்து போனைப் பறிக்கும்போதே பொதுமக்கள் பிடித்துக் கொடுத்தார்களாம். அறையைச் சோதனை போட்டதில் முப்பத்தொரு போன். ரைட்டர்கள் வாட்ஸப் குழுவில் ஏட்டு நசீர் படம் போட்டிருந்தார். உங்கள் லிமிட்டில் நிலுவையில் வழக்கு இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

“எங்கள் நிலையத்தில் இல்லை” என்று அடித்து அனுப்பினேன். வழக்கமான பதில். அனுப்பிய பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒரு மஞ்சள் கவர். கண்ணாடி போட்ட ஆந்தை.

பஸ்ஸில் விட்டதை இவர்கள் எடுத்திருக்கலாம். எடுத்திருக்கலாம், இல்லையா. பஸ்ஸிலும் திருடுகிறார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

பிரஷர் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

நசீருக்குப் போன் செய்தேன். மஞ்சள் கவர் எங்கே எடுத்தது என்று அவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று, யாருக்கோ விசாரிப்பது போலக் கேட்டேன்.

“அதுவாக்கா, நல்லா ஞாபகம் வெச்சிருக்கானுங்க. உங்க கால்வாய்க்கரைதான். காலேஜ் பொண்ணாம். போனை விடவே இல்லியாம். கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டே போயிட்டோம்னு சொல்றான், என்னமோ சாதனை மாதிரி. ஏன், உங்ககிட்ட கேஸ் இருக்கா?”

அவரே பேசிக்கொண்டு போனார்.

“எங்ககிட்ட ஒரே ஒரு கேஸ்தான்க்கா. சுத்துப்பட்டு ஸ்டேஷன் எல்லாத்துலயும் கேஸ் இல்ல, கேஸ் இல்லன்னு பதில். முப்பத்தோரு போனும் பின்ன மரத்துல காய்ச்சுதா? திங்கக்கிழமை பெயில் மனு வருது. முதல் குற்றம்னு சொல்லி வெளிய வந்துடுவானுங்க. இன்னும் ஒரு கேஸ் ஒட்டினா நிறுத்திடலாம். பறிகொடுத்தது நம்ம ஜனங்க இல்லையா, கேஸ் எழுதறதுக்கு என்ன கஷ்டம் இந்த ரைட்டருங்களுக்கு?”

போனை வைத்தேன். எதிரில் இருந்த ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அன்னிக்கு அந்தத் தமிழ் டீச்சர் வந்தாங்கல்ல? அப்போ ஓவியா வந்தா. வாசல்ல பாரா நிக்கிற போலீஸ்காரர் பக்கத்துல நின்னா. கையில ரத்தம். உள்ள வாம்மான்னு கூப்பிட்டேன். நீங்க டீச்சர்கிட்ட பேசறதையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம், ஒண்ணுமில்லக்கா, அம்மா பிஸியா இருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வீட்டுல சொல்லியிருப்பான்னு நெனச்சேன்.”

ஒன்றரை மணி நேரம் நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். வாசலுக்கும் என் மேஜைக்கும் பத்தடி தூரம்.

முழங்கையில் மஞ்சள் எண்ணெய் வைத்தேன். பார்த்துக்கொண்டே வைத்தேன்.

ஜூலை 30, புதன்

டீச்சரைக் கூப்பிட்டேன். ஆட்கள் பிடிபட்டுவிட்டார்கள், வந்து உண்மையை எழுதிக் கொடுங்கள் என்றேன்.

“விழுந்துச்சுன்னு நான் எழுதிக் குடுத்த தாள் உங்ககிட்ட இருக்கு மேடம். இப்போ அறுத்தாங்கன்னு எழுதினா, பொய் சொன்னது நானா, நீங்களா? என் வேலை போகணுமா?” குரல் உயரவே இல்லை. “அன்னிக்கு எவ்வளவு பொறுமையா எனக்கு எடுத்துச் சொன்னீங்க. அதையே இப்போ நீங்க யோசிங்க.”

செங்கமலத்தின் எண்ணுக்கு அடித்தேன். நான் வாங்கிக் கொடுத்த அதே எண். எடுத்தது மகன். அம்மா ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிட்டாராம். அந்தச் சாலையில் மறுபடி நடக்கப் பயமாக இருக்கிறது என்றாராம். போனைக் கொடுக்கட்டுமா என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு இன்ஸ்பெக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பொண்ணுக்கு அடி பலமா?”

“முழங்கை சார். ஆறிடுச்சு.”

“அப்புறம் என்ன ஏட்டம்மா. சனிக்கிழமை விழா. இப்போ போய் ஒரு வழிப்பறி எஃப்.ஐ.ஆர். போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? வயசுப் பொண்ணு. கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்ன கேப்பான்? அவ பேரு எதுக்கு அதுல? திங்கக்கிழமைக்கு மேல உக்காந்து பேசுவோம்.”

திங்கட்கிழமைக்கு மேல் பேசுவதற்கு என்ன இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் பேசியது முழுக்க என் வார்த்தைகள். என் மேஜையிலிருந்து எழுந்து போய் அவர் வாயில் உட்கார்ந்துகொண்டிருந்தன. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் மேல் கோபப்பட நான் யார்?

ஜூலை 31, வியாழன்

காலையில் ஓவியாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

“எனக்குமா?” என்றாள்.

தோசைக் கரண்டி கையிலேயே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“மஞ்சக் கவர் பக்கத்து ஸ்டேஷன்ல இருக்கு. ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன்.”

“தெரியும். ஜெசிந்தா சொன்னா.”

தோசையை நான்காக, எட்டாகப் பிய்த்தாள். சாப்பிடவில்லை.

“அந்த டீச்சர் கழுத்தைப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தாங்க. நீ அவங்க கையைப் புடிச்சுக்கிட்டுப் பேசின. எவ்ளோ அன்பாப் பேசின தெரியுமா? என்கிட்டகூட நீ அப்படிப் பேசினதில்லம்மா. அவங்க கையெழுத்துப் போடற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தேன். நான் உள்ள வந்தா என்கிட்டயும் அப்படியே பேசுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் பஸ்ஸுல தொலைஞ்சுதுன்னு நானே சொல்லிட்டேன். உனக்கு வேலை மிச்சம்.”

எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அழுகிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். இவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. ஓவியா அந்த டம்ளரை என் பக்கம் தள்ளிவைத்தாள். குடித்தேன். உண்மைதான், குடிக்கும்போது அழ முடியவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் வெளியே வருவதைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். கோர்ட்டில் கேள்வி கேட்பார்கள், அலைய வேண்டியிருக்கும், அதுவும் நிஜம்தான், வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றேன். அதற்கு மேல் பேசாமல் வாயை மூடிக்கொண்டேன். பேசினால் வழக்கமான பேச்சு வந்துவிடும்.

காலேஜ் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

“நாளைக்கு வரேன். ஆனா நான் சொல்றதைத்தான் எழுதணும். நீ திருத்தக் கூடாது.”

ஆகஸ்ட் 4, திங்கள்

நான்கு நாளாக இதைத் தொடவில்லை. எண் எழுதாததற்கு டாக்டர் திட்டட்டும்.

முதலில் இன்றைய செய்தி. பெயில் மனு தள்ளுபடி. இரண்டு வழக்கு இருப்பதால் நீதிபதி மறுத்துவிட்டார் என்று நசீர் கூப்பிட்டுச் சொன்னார். ஜூனில் பர்ஸைப் பறிகொடுத்த அந்தக் கொரியர்காரரும் நேற்று எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, தன் பர்ஸ் தொலையவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜெசிந்தாதான் அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாளாம். டீச்சர் இன்னும் வரவில்லை. அவரை நான் மறுபடி கூப்பிடப் போவதில்லை, அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நான்.

சனிக்கிழமை விழா நடந்தது. நான் போகவில்லை. இன்று காலை எனக்கு மாற்றல் வந்துவிட்டது, ஆயுதப்படைக்கு. விசாரணையும் உண்டு. இவர் ஓசூரிலிருந்து போன் செய்து, “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்தி, “கை ஆறிடுச்சா அவளுக்கு?” என்று கேட்டார்.

இனி வெள்ளிக்கிழமையை எழுதுகிறேன்.

லீவு சொல்லிவிட்டுப் புடவையில் போனேன். ஓவியாவும் நானும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஏழு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஒரு கால் ஆடுகிறது. இத்தனை பேர் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்துதான் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஜெசிந்தா எங்களைக் கூப்பிட்டாள். பழக்கத்தில் தண்ணீர் கேனை நோக்கி எழுந்து போனவள், டம்ளரை எடுத்து, என்னைப் பார்த்து, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஓவியா சொன்னாள். கால்வாய்க்கரை, நாலாவது கம்பம், லைட் எரியாது. மணி ஐந்தேகால். பின்னால் இருந்தவன் போனைப் பிடித்தான், அவள் விடவில்லை. ஏன் விடவில்லை என்று ஜெசிந்தா கேட்டாள். “அம்மா வாங்கிக் குடுத்தது” என்றாள். எத்தனை தூரம் இழுத்தார்கள் என்பதைச் சொன்னபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் நடுவில் வந்து நின்றார். விழாவுக்குப் பந்தல் பார்க்கப் போய்விட்டு வந்திருந்தார், சட்டையெல்லாம் வேர்வை. “ஏட்டம்மா, உள்ள வாங்க” என்றார்.

“இன்னிக்கு நான் லீவு சார். புகார்தாரரோட அம்மா.”

ஓவியாவின் முழங்கையைப் பார்த்தார். புதுத்தோல் இளஞ்சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், பத்தாவது படிக்கிறாள். தன் அறைக்குப் போய்விட்டார். பிற்பாடு தாள் உள்ளே போனபோது முழுவதும் படித்தார். கால் மணி நேரம் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கும் மாற்றல் வரும் என்று தெரிந்துதான் போட்டார்.

ஆனால் அது பிற்பாடு. அதற்கு முன்னால் ஜெசிந்தாவின் கை கீபோர்டில் நின்றது.

“அக்கா, இருபத்திரண்டு நாள் ஆயிருக்கு. ‘தாமதத்துக்கான காரணம்’னு ஒரு கட்டம் இருக்குல்ல. அதுல என்ன போட?”

ஓவியா என்னைப் பார்த்தாள். திருத்தக் கூடாது என்று சொன்னவள், அந்த ஒரு கட்டத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

அந்தக் கட்டத்தை நான் ஆயிரம் தடவை நிரப்பியிருப்பேன். உடல்நலக் குறைவு. வெளியூர்ப் பயணம். உறவினரோடு கலந்து பேசியதால். எல்லாம் மனப்பாடம்.

“எழுது” என்றேன். “புகார்தாரர் சம்பவம் நடந்த அன்றே, ரத்தக் காயத்துடன் நிலையத்துக்கு வந்தார். அந்த நேரத்தில் நிலைய எழுத்தர், மற்றொரு பெண்ணிடம் சங்கிலி பறித்த புகாரை, சங்கிலி விழுந்துவிட்டதாக எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த புகார்தாரர், தன் புகாரும் அவ்வாறே எழுதப்படும் என்று அஞ்சி, சொல்லாமல் திரும்பிச் சென்றார்.”

ஜெசிந்தா அடித்தாள். வேகமாக அடிக்கிறவள், ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“நிலைய எழுத்தர்னு மட்டும் போதும்லக்கா? பேர் வேணாமே?”

“எழுத்தர்னா யாருன்னு கேப்பாங்க” என்றேன். “தலைமைக் காவலர் தவமணின்னு போடு. இனிஷியலோட போடு.”